லினோ பிரிண்ட்டும் துணியும் சுவர் ஏறின கதை

வீட்டு மேஜையில உக்காந்து லினோ (லினோலியம்னு ஒரு ஷீட், அதைக் கட்டையா செதுக்கி மை தடவி அச்சு எடுக்குறது) செதுக்கிட்டே இருந்த ஆளு நான், போன வருஷம் தான் முதல் தடவையா தனியா எக்ஸிபிஷன் வெச்சேன். பேப்பர்ல 14, துணியில 6, மொத்தம் 20. செதுக்குறது தான் பெரிய வேலை, மத்ததெல்லாம் ஆணி அடிக்கிற வேலைன்னு நெனச்சுட்டு இருந்தேன். துணி வந்து அந்த நெனப்பை சுத்தமா துடைச்சு விட்டுருச்சு.

ஐடியா என்னன்னா, ஒரே கட்டை, அதை பேப்பர்லயும் போடுவோம் துணியிலயும் போடுவோம், பக்கத்துல பக்கத்துல மாட்டுவோம். கேக்க நல்லா தான் இருந்துச்சு. பேப்பர்ல முடி மாதிரி மெல்லிசா விழுந்த வெள்ளைக் கோடெல்லாம் துணியில போட்டா மை அடைச்சு காணாமப் போச்சு, ஏன்னா துணிக்குன்னு ஒரு நெசவு இருக்கு, மேடும் பள்ளமுமா, அதுக்குள்ள என் நுணுக்கம் எங்க நிக்கும். கோட்டை எல்லாம் அகலமாக்கி 4 கட்டையை முதல்ல இருந்து செதுக்கினேன். அதுல ஒண்ணுல எழுத்து இருந்துச்சு, அவசரத்துல அதைக் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போட மறந்துட்டேன். எத்தனை வருஷம் பண்ணாலும் இந்தத் தப்பு மட்டும் விடாது போல.

அப்புறம் பிரஸ், அதாவது அழுத்தி அச்சடிக்கிற மெஷின், கிடையாதுங்க நம்மகிட்ட. பேப்பருக்குப் பிரச்சனையே இல்ல, மை தடவின கட்டை மேல பேப்பரை வெச்சு பின்னாடி மரக்கரண்டியால தேய்ச்சா போதும். துணிக்கு அது சரிப்படல, தலைகீழா பண்ணணும், அடியில கம்பளியை மடிச்சுப் போட்டு அது மேல துணி, துணி மேல கட்டையைக் கவுத்து, கட்டை மேல நான் ஏறி நின்னுட்டேன். குதிகாலை ஒவ்வொரு மூலையிலயும் மாத்தி மாத்தி அழுத்தணும், கொஞ்சம் நகர்ந்தா போச்சு, ரெட்டையா விழுந்துரும்.

முதல் துணியில ஒரு பெரிய சொதப்பல். புதுத் துணியை அலசாம அப்படியே போட்டுட்டேன். நெய்யும்போது நூலுக்குப் போட்ட கஞ்சி அதுல அப்படியே இருக்கும், மை நூலுக்குள்ள இறங்காம அந்தக் கஞ்சி மேல உக்காந்துச்சு. காஞ்சதும் ஒரு தடவை அலசினேன், பாதிப் படம் தண்ணியோட போச்சு, துணியும் நாலு விரல் சுருங்கிருச்சு. அதுக்கப்புறம் எல்லாத் துணியையும் சோடா ஆஷ்ங்கிற சலவை சோடா போட்டுக் கொதிக்க வெச்சு, அலசிக் காய வெச்சு, இஸ்திரி போட்டுட்டு தான் கட்டையைத் தொட்டேன்.

நான் போட்டது எண்ணெய் மை. அது தண்ணி மாதிரி ஆவியாகிக் காயாது, காத்துல இருக்குற ஆக்சிஜனை இழுத்து இறுகும், கறுப்பைத் தடிப்பா போட்டா ஒரு வாரம் கூட ஆகும். தெரிஞ்சே அவசரப்பட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினேன், ஒண்ணோட முகம் இன்னொண்ணோட முதுகுல ஒட்டி 3 பிரிண்ட் வீணாப் போச்சு. 15-னு நெனச்ச எடிஷன், அதாவது ஒரே கட்டையில எடுக்குற பிரதிங்க, 12 ஆச்சு, அதனால கீழ பென்சில்ல 1/12-ல ஆரம்பிச்சு 12/12 வரைக்கும் போட்டேன். ஃப்ரெண்ட் ஒருத்தன், "ஏண்டா பேனா இல்லையா உன்கிட்ட"ன்னு கேட்டான். பென்சில் கோடு வெளுக்காது, ஈரம் பட்டாலும் பரவாதுடான்னேன். துணியில பென்சில் நிக்காது, அதுக்கு நம்பரைச் சின்னத் துணித்துண்டுல எழுதி பின்பக்கம் தைச்சேன்.

ஃபிரேம் போட்டவர் கண்ணாடியை நேரா பிரிண்ட் மேலயே வெச்சுட்டாரு. ஈரக்காத்து பட்டா மை கண்ணாடியில ஒட்டிக்கும்னு சொல்லி, நடுவுல மவுன்ட், அதாவது படத்தைச் சுத்தி வர்ற தடிமனான அட்டைச் சட்டம், குடுத்து திரும்பப் போட வெச்சேன். அவருக்கு என் மேல கோவம் தான்.

மாட்டுற நாள். படத்தோட நடு தரையில இருந்து 145 சென்டிமீட்டர் உயரத்துல வர்ற மாதிரி எல்லாத்துக்கும் ஒரே அளவு வெச்சோம், பேப்பர் பூரா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது. துணிக்கு மீதி நாள் பூரா ஆச்சு. மேல ஒரு பட்டி தைச்சு அதுக்குள்ள மரக்குச்சி, மரத்துல இருக்குற அமிலம் துணியில கறை ஏத்தும்ங்கிறதால குச்சியைப் பாலியஸ்டர் ஷீட்டுல சுத்தி விட்டேன். கீழ ஓரம் சுருண்டுக்கிட்டே இருந்துச்சு, அங்கயும் பட்டி அடிச்சு மெல்லிசா ஒரு கம்பி.

அடுத்தது லைட். ஹால்ல உதவிக்கு வந்த அண்ணன் ஸ்பாட்லைட்டைப் பளீர்னு துணி மேல திருப்பிட்டு, "இப்ப பாருங்க தம்பி, எப்படி எடுப்பா இருக்கு"ன்னாரு. எடுப்பா தான் இருந்துச்சு. ஆனா துணிக்கும் பேப்பருக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அளவு) தாண்டக் கூடாதுன்னு மியூசியம்ல எல்லாம் ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, வெளிச்சம் பண்ற சேதம் சேந்துக்கிட்டே போகும், திரும்ப வராது. "அண்ணே, கொஞ்சம் கொறைங்க"ன்னு கெஞ்சி கொறைச்சோம். ஜன்னலை மட்டும் மறந்துட்டேன். ஜன்னலுக்கு நேரா மாட்டினது மஞ்சத்தூள்ல சாயம் ஏத்தின துணி. வெயிலுக்கு ரொம்ப சீக்கிரம் ஓடிப் போற சாயத்துல மஞ்சத்தூளும் ஒண்ணு, அது எனக்கு நல்லாவே தெரியும்.

வந்தவங்க பேப்பர் முன்னாடி கையைக் கட்டிட்டு நின்னாங்க, துணிகிட்ட வந்தா மட்டும் கை தானா நீளுது, யாரைக் குத்தம் சொல்ல. மூணாவது நாள் வீணாப்போன துணி ஒண்ணை வாசல்கிட்ட தொங்க விட்டு "இதைத் தொடலாம்"னு எழுதி வெச்சேன். அந்தப் பாதி போன முதல் துணியே தான். சாயங்காலத்துக்குள்ள ஓரம் அழுக்கேறிருச்சு, மத்த ஆறும் தப்பிச்சுது.

12 நாள் கழிச்சு எல்லாத்தையும் கழட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து, மடிக்காம குழாயில சுத்தி வைக்கலாம்னு மஞ்சள் துணியோட கீழ்ப்பட்டியைப் பிரிச்சுக் கம்பியை உருவினேன். பட்டிக்குள்ள ரெண்டு விரல் அகலத்துக்கு அந்தப் பழைய மஞ்சள் அப்படியே இருக்கு, வெளிய இருந்த துணி பூரா வெளிறிப் போய் பழைய பேப்பர் நெறத்துல. பட்டியை திரும்பத் தைக்காம அப்படியே சுத்தி வெச்சுட்டேன்.