எஸ்டேட் என்றால் எங்களுக்கு வேறு

ஆக்ரனுக்கு வந்த மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, சனிக்கிழமை வேலை ஒன்றும் இல்லையென்றால் எஸ்டேட் பார்க்கப் போகலாமா என்று கேட்டார். எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. நான் மலேசியாக்காரி, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம். எஸ்டேட் என்றால் எங்களுக்கு ரப்பர் தோட்டம்தான்: வரிசையாக லயத்து வீடுகள், விடியாத நேரத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு, பால் ஸ்டோர், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, இதையெல்லாம் பார்த்தபடி மேட்டில் துரை பங்களா. எங்கள் பாட்டி அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் மரம் சீவியவர். ஒஹையோ மாநிலத்தில், குளிர் தொடங்கும் செப்டம்பரில், எந்தப் பால்மரத்தைப் பார்க்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்ததே ரப்பரால்தான். கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் பாலிமர் ஆராய்ச்சி, ரப்பரும் ஒரு பாலிமர்தான். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என்று டயர் கம்பெனிகள் எல்லாம் கிளம்பியது இந்த ஊரிலிருந்து. உலக ரப்பர் தலைநகர் என்று ஒரு காலத்தில் ஆக்ரனுக்குப் பெயர். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா, கார் ஓட்டவும் இன்னும் தெரியாது. பார்மாவிலிருக்கும் சிவா விஷ்ணு கோயிலுக்கு யாராவது கூட்டிப் போனால் உண்டு. அங்கே தமிழ் பேசுபவர்களைப் பார்த்து ஆசையாகப் பக்கத்தில் போனால் முதல் கேள்வி, "எந்த ஊர், மதுரையா, கோயம்புத்தூரா?" மலேசியா என்றதும், "அப்புறம் தமிழ் எப்படி இவ்வளவு நல்லா பேசறீங்க?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் சிரித்துவிட்டுப் பிரசாதத்தை வாங்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை போன பிறகுதான் தெரிந்தது, இங்கே எஸ்டேட் என்றால் தோட்டத்தோடு கூடிய பெரிய மாளிகை. வாசல் பலகையில் இருந்த அதன் பெயரைப் பார்த்து நான் ஸ்டான் ஹைவெட் என்று படித்தேன், அந்த அம்மா ஸ்டான் ஹீவிட் என்று திருத்தினார். பழைய ஆங்கிலத்தில் கல் வெட்டிய இடம் என்று அர்த்தமாம், அந்த நிலத்தில் முன்பு ஒரு கல்குவாரி இருந்திருக்கிறது. கட்டியவர் ஃபிராங்க் சைபர்லிங், 1898இல் குட்இயரைத் தொடங்கியவர்களில் ஒருவர். டயர் வியாபாரம் ஏறிய ஏற்றத்தில் 1912இல் மனைவி கெர்ட்ரூடையும் கட்டடக் கலைஞர் சார்லஸ் ஷ்னைடரையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய், காம்ப்டன் வின்யேட்ஸ், ஹாடன் ஹால், ஆக்வெல்ஸ் என்று பழைய பிரபுக்களின் வீடுகளைச் சுற்றிப் பார்த்து, திரும்பி வந்து அதே மாதிரி ஒன்றை 1915க்குள் எழுப்பிவிட்டார்கள். 65 அறை, 23 கணப்படுப்பு, ஈயப்பட்டையில் கோர்த்த சின்னச்சின்னக் கண்ணாடித் துண்டுகள் மட்டும் 21,000க்கு மேல். நானூறு வருஷம் பழையது மாதிரி செங்கல்லும் கருமரமும். ஆனால் டெலிபோன் எல்லாம் கண்ணில் படாமல் மரப்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன். எங்கள் ஊர் துரைமாரும் இப்படித்தான், வியர்த்துக் கொட்டும் பேராக்கில் புல்தரையும் பூப்பாத்தியும் போட்டு இங்கிலாந்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களாவது அங்கிருந்து வந்தவர்கள்.

வாசல் கதவுக்கு மேலே லத்தீனில் நான் நோபிஸ் சோலும் என்று பொறித்திருக்கிறது, எங்களுக்காக மட்டுமல்ல என்று பொருள். யாருக்கெல்லாம் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

வீட்டைவிடத் தோட்டம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வாரன் மேனிங் என்பவர் போட்ட திட்டம். வீட்டின் ஒரு பக்கத்திலிருந்து பிர்ச் மரங்கள் இரண்டு வரிசையாக 550 அடிக்கு ஓடுகின்றன, மேலே கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரை போட்டுவிட்டன. வெள்ளைப் பட்டை, மெல்லிய மரங்கள், ஒரே நேர்கோடு. பாட்டி இதைப் பார்த்தால் நிரை என்றுதான் சொல்வார். ஒரு ஆளுக்கு இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுத்த காலத்து ஆள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. முதல் மரத்துக்குப் பக்கத்தில் போய், குனிந்து, முழங்கால் உயரத்தில் பட்டையைச் சீவிய வெட்டுவாய் எங்கே, பால் வடியும் மங்கு எங்கே என்று தேடியிருக்கிறேன். பட்டையில் குறுக்கே சின்னச்சின்னக் கறுப்புக் கோடுகள் இருந்தன, இயற்கையாக வருவது. கையை வைத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி உரிந்து வந்தது. பால்மரத்துப் பட்டை இப்படி இல்லை. அதைச் சரிவாக, நகக்கண் அளவுக்கு மெலிதாகச் சீவ வேண்டும், கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தில் பட்டுவிட்டால் காயம், கங்காணி கத்துவார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் தொடங்கி ஒரு நாளைக்குச் சுமார் 500 மரம். மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை.

"மரத்தில் என்ன தேடுகிறாய்?" என்று அந்த அம்மா கேட்டார். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். கட்டிப்பால் நாற்றத்தைப் பற்றியும் சொன்னேன், மங்கில் உறைந்து புளித்துப்போன பால், எத்தனை சோப்புப் போட்டாலும் பாட்டி கையைவிட்டுப் போகாத வாசம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அப்பா டயர் ஆலையில் வேலை பார்த்தவர் என்றார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையைப் பின்வாசலிலேயே கழற்றச் சொல்வாராம் அவர் அம்மா, எரிந்த ரப்பர் நெடி வீட்டுக்குள் வரக் கூடாது என்று. ஊரே அப்படித்தான் நாறுமாம் அப்போது. அவர்கள் இருந்தது குட்இயர் ஹைட்ஸில். தொழிலாளிகளுக்கு வீடு விற்பதற்காக 1912இல் இதே சைபர்லிங் தொடங்கிய குடியிருப்பு அது, வரைந்து கொடுத்தவரும் இதே மேனிங். தவணை கட்டி முடித்தால் வீடு சொந்தம். எங்கள் லயத்தில் வேலை போனால் வீடும் போனது. அவரிடம் இதைச் சொல்லவில்லை, எதற்குச் சொல்லி.

இந்த வீட்டைக் கட்டிய காசில் எங்கள் ஆட்கள் சீவிய பால் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் கிறுக்கும் எனக்கு வந்துவிட்டுப் போனது. வீடு எழும்பிய காலத்தில் மலாயா ரப்பர் கப்பல் கப்பலாக அமெரிக்கா வந்தது, கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு உண்மை. பாட்டி அப்போது பிறக்கவே இல்லை. சைபர்லிங்கும் நிம்மதியாக அனுபவித்தார் என்று சொல்ல முடியாது, 1921இல் கடன் நெருக்கடியில் குட்இயரே அவர் கையைவிட்டுப் போய், வேறொரு ரப்பர் கம்பெனியை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். 1957இல் பிள்ளைகள் வீட்டைப் பொதுவுக்குக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பக்கத்து வீட்டு அம்மா வாசல் காவல் வீட்டைக் காட்டினார். மதுப்பழக்கத்தோடு போராடிய இரண்டு பேர், பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும், 1935இல் முதன்முதலாகச் சந்தித்துப் பேசியது அந்த வீட்டில். சைபர்லிங் மருமகள் ஹென்ரியேட்டா ஏற்பாடு செய்த சந்திப்பு; குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது அப்படித்தான். எங்கள் எஸ்டேட்டில் நிர்வாகமே கள்ளுக்கடை வைத்திருந்தது. சம்பள நாளன்று தாத்தாவைத் தேடிப் பாட்டி எத்தனை தடவை அங்கே போயிருப்பார்.

அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டேன். எனக்குப் பிடித்த இடம் இங்கிலிஷ் கார்டன் என்கிற சுவர் போட்ட குழித் தோட்டம், 1929இல் எல்லன் ஷிப்மன் என்ற பெண்மணி மாற்றி அமைத்தது. படியிறங்கினால் வெளிச்சத்தம் அடங்கிவிடும், நடுவில் தண்ணீர், சுற்றிப் பூ. போன மே மாதம் அங்கிருந்து பாட்டிக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே இரவு பத்து மணி, அவர் தூங்காமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரை பங்களாவா?" என்றார், வீட்டைக் காட்டியதும்.

"ஆமா பாட்டி. டயர் செஞ்ச தொரை."

"உள்ள விடுறாங்களா உன்ன?"

"டிக்கெட் வாங்குனா யாரும் போலாம்."

அதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார், திரையில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. அப்புறம் கேட்டார், "இம்புட்டுப் புல்லையும் யாரு வெட்டுறா?"

படியேறி வந்து போனைத் திருப்பினேன். புல்தரையின் அந்தக் கோடியில் ஒருவர் இயந்திரத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் போனைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். இந்தப் பக்கம் பாட்டியும் கையைத் தூக்கி, "சாப்பிட்டாரான்னு கேளு" என்றார்.