"இது என்ன?"ன்னு கேட்டா முழிக்கிற பிள்ளைங்க

எல்கேஜி பிள்ளைங்களோட பல வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். புதுசா சேர்ற பிள்ளைக்கு எழுத்து தெரியுதா, படத்தைக் காட்டுனா பேர் சொல்லுதான்னு ஒரு ஃபார்ம்ல டிக் அடிக்கணும், அது மேல எனக்கு எப்பவுமே ஒரு கடுப்பு.

ஒரு பையன், நாய் படத்தைக் காட்டி "இது என்ன?"ன்னு கேட்டா என் மூஞ்சியையே பார்ப்பான், வாயே திறக்க மாட்டான். அதே பையன் மத்தியானம் தூங்க வைக்கிற நேரத்துல பக்கத்துல படுத்திருக்கிற பிள்ளைகிட்ட நாய் துரத்துன கதைய சொல்றான், நாய்க்கு ஒரு குரல், ஓடுறவனுக்கு ஒரு குரல், நடுவுல "அப்புறம் என்னாச்சு தெரியுமா"ன்னு நிறுத்தி அவ மூஞ்சிய வேற பாக்குறான்! பாட்டிகிட்ட வளர்ற பையன், அவங்க அப்படித்தான் கதை சொல்வாங்களாம். அந்த வீட்ல தெரிஞ்ச விஷயத்தையே யாரும் கேள்வியா கேக்குறது இல்ல, பெரியவங்க ஒண்ணு கேட்டா நிஜமாவே தெரியாமத்தான் கேக்குறாங்க. அப்போ இவ்ளோ பெரிய டீச்சருக்கு நாய் தெரியாதான்னு அவன் முழிக்கத்தானே செய்வான்.

ஷெர்லி பிரைஸ் ஹீத்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் விலாவாரியா எழுதியிருக்காங்க. கரோலினா பக்கம் ரெண்டு தொழிலாளர் குடியிருப்புகள்ல வருஷக்கணக்கா பழகி 1983ல வெளியிட்டாங்க. ஒரு இடத்துல பிள்ளைங்க கதை கட்டுறதுல கில்லாடி, ஆனா பள்ளிக்கூடத்து "இது என்ன" கேள்வி அவங்களுக்குப் பழக்கமே இல்ல. இன்னொரு இடத்துல புக்கு படிச்சுக் காட்டுவாங்க, பேர் சொல்ல வைப்பாங்க, ஆனா கற்பனையா ஏதாச்சும் சொன்னா அது பொய். அந்தப் பிள்ளைங்க முதல் ரெண்டு மூணு வகுப்பு ஜோரா போயிட்டு, சொந்தமா யோசிச்சு எழுதச் சொல்ற கட்டத்துல திணறுனாங்க. எங்க கிளாஸ்லயும் அப்படி ஒருத்தி, எழுத்தெல்லாம் தண்ணிபட்ட பாடு, "இந்த நாய் பேசுனா என்ன சொல்லும்?"னு கேட்டா "நாய் பேசாது மிஸ்" அவ்ளோதான் பதில்.

அந்த மூணு கோடி வார்த்தை கணக்க நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, 1995ல ஹார்ட், ரிஸ்லின்னு ரெண்டு பேர் வெறும் 42 குடும்பத்தைப் பாத்து, வசதியான வீட்டுப் பிள்ளைய விட ஏழை வீட்டுப் பிள்ளை காதுல அவ்ளோ வார்த்தை கம்மியா விழுதுன்னு சொன்னது. அப்புறம் வேற சில ஆய்வாளர்கள் வேற வேற ஊர்கள்ல பாத்தப்போ அந்தக் கணக்கு அப்படியே வரல, தாத்தா பாட்டி அண்ணன் அக்கா பேசுறதையும் சேத்தா படமே மாறுதுன்னாங்க. ஆனா ஏழை வீடுன்னா பேச்சே இல்லன்ற நெனப்பு மட்டும் இன்னும் ஸ்டாஃப் ரூம்ல இருந்து போகல. 2018ல அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழக ஆளுங்க 4ல இருந்து 6 வயசுப் பிள்ளைங்கள ஆராய்ஞ்சு, காதுல விழுற வார்த்தை எண்ணிக்கைய விட பெரியவங்களும் பிள்ளையும் மாத்தி மாத்திப் பேசுறதுதான் மூளையோட மொழிப் பகுதி வேலை செய்றதோட ஒத்துப்போகுதுன்னு சொன்னாங்க. எனக்கு இது நூறு சதவீதம் சரின்னு படுது.

ஒரு அம்மா, "எனக்குப் படிக்கத் தெரியாது மிஸ், நான் எங்க சொல்லித் தர்றது"ன்னு ஒதுங்கியே நிப்பாங்க. எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒண்ணு குடுத்து அனுப்புனேன். அடுத்த வாரம் பாத்தா பொண்ணு புத்தகத்தை சரியா பிடிச்சு, ஒவ்வொரு பக்கமா திருப்பி, அடுத்த பக்கத்துல என்ன வரும்னு முன்கூட்டியே சொல்றா. அம்மா தப்பா கதை சொன்னா திருத்துறாளாம் வேற :)

எனக்கு ஒத்தே வராத ஒண்ணு, "பள்ளிக்கூடத்துல பேசுற மொழியிலயே வீட்லயும் பேசுங்க"ன்ற அட்வைஸ். அந்த மொழி சரளமா வராத ஒரு அப்பா அதைக் கேட்டு மாறிட்டாரு, இப்போ வீட்ல பையனோட அவர் பேசுறதே வா, உக்காரு, தூங்குன்னு மூணு வார்த்தைதான். உங்க மொழியிலயே கதை பேசுங்க சார், எழுத்த நாங்க பாத்துக்கறோம், கதை புரிஞ்சவனுக்கு அது எந்த மொழியிலயும் கை குடுக்கும்னேன். "அப்போ இங்க அவன் பின்தங்க மாட்டானா?"ன்னாரு. ஆரம்பத்துல கொஞ்சம் திணறுவான்தான், அதையும் மறைக்காம சொன்னேன். யோசிச்சு சொல்றேன்னு போயிருக்காரு.