328ஐ-க்கு அலுமினிய ஷாஃப்ட்: பள்ளத்தூர் கொட்டகையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை

தேவை என்று எதுவும் கிடையாது, ஆசைதான். என்னுடையது 2013 மாடல் பி.எம்.டபிள்யூ 328ஐ, எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 245 குதிரைத்திறன், இழுப்பதெல்லாம் பின் சக்கரம். கியர்பாக்ஸிலிருந்து டிஃப்பரன்ஷியலுக்கு (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போகும் ஷாஃப்ட் இதில் இரண்டு துண்டு ஸ்டீல், நடுவில் சென்டர் பேரிங். அதைக் கழற்றிவிட்டு ஒரே துண்டு அலுமினிய ஷாஃப்ட் போடுவது என்று தீபாவளிக்கே முடிவு செய்தேன், சரக்கு வந்து சேர மாசி ஆகிவிட்டது. ஷாஃப்ட் விலைகூடப் பரவாயில்லை, கப்பல் கூலியும் கஸ்டம்ஸ் வரியும் சேர்த்துக் கட்டியபோதுதான் வலித்தது.

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பழைய வீடு, பின்தெருப் பக்கம் இருக்கும் வண்டிக் கொட்டகைதான் ஒர்க் ஷாப். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் வீட்டுக்குள் வராதே என்று அப்பத்தா சொல்லிவிட்டார். அதே கல்லைத் தேங்காய் எண்ணெய் போட்டுத்தானே பளபளப்பாக்குகிறீர்கள் என்று கேட்க வந்தேன், மதியச் சாப்பாட்டை நினைத்துக் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு முழுக்கக் கழற்றுவதிலேயே போனது. நாலு ஸ்டாண்டில் வண்டியைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது என்பதால் கூடுதலாகப் பர்மா தேக்குக் கட்டைகளையும் அண்டை கொடுத்தேன் (யார் வீட்டுத் தூணில் மிஞ்சியதோ). சைலன்சர் நட்டுகள் துரு பிடித்து அசையவில்லை, முந்தின ராத்திரியே துரு எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தும் ஒன்றை அறுக்க வேண்டியதாயிற்று. சைலன்சர் இறங்கி, வெப்பத் தகடு கழன்று, குறுக்குப் பட்டையும் வந்த பிறகுதான் ஷாஃப்டே கண்ணில் படும்.

கியர்பாக்ஸ் பக்கம் ஷாஃப்டைப் பிடித்திருப்பது உள்ளங்கை அகல ரப்பர் வளையம், ஆறு போல்ட் ஓட்டை, கூய்போ என்பார்கள். கழற்றிக் கையில் வளைத்துப் பார்த்தேன். பழைய ரப்பர் செருப்பை மடக்கினால் வாய் பிளக்குமே, அந்த மாதிரி மூன்று ஓட்டையைச் சுற்றியும் பிளந்தது, ஒன்றில் நகமே உள்ளே போனது. சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பரும் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. வேடிக்கை பார்க்க வந்த காரைக்குடி லாரி மெக்கானிக் அண்ணன், "இதோடவா தம்பி இவ்வளவு நாள் ஓட்டுனீங்க?" என்றார். பதில் இல்லை. ஒரு வருஷமாக கியர் மாறும்போது கேட்ட டொக் சத்தத்தை நான்தான் கியர்பாக்ஸ் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

மளிகைக்கடைத் தராசில் இரண்டையும் வைத்தோம். பழசு 11.6 கிலோ, புதுசு 6.8. ஏறக்குறைய ஐந்து கிலோ மிச்சம் என்று குதித்துவிட்டு ராத்திரி கணக்குப் போட்டதும் சப்பென்று ஆகிவிட்டது. நீளமான ஒரே குழாய் வேகமாகச் சுற்றினால் கயிறு மாதிரி நடுவில் விம்மும், அந்த ஆபத்தான வேகம் நீளம் கூடக் கூட, அதன் வர்க்கக் கணக்கில் குறைந்துகொண்டே வரும். கம்பெனி இரண்டு துண்டாகப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரே துண்டு வேண்டுமென்றால் குழாயைத் தடியாக்க வேண்டும், என் புது ஷாஃப்டும் பழசைவிட நல்ல தடிமன். சுழலும் பொருளின் ஜடத்துவமோ (அதைச் சுழற்றி வேகமேற்ற எவ்வளவு திணற வேண்டும் என்பது) ஆரத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆக, எடையில் சம்பாதித்ததைத் தடிமன் தின்றுவிடுகிறது. அப்படியே எல்லாம் மிச்சமானாலும், சக்கரத்தைவிட மூன்று மடங்கு வேகமாக ஷாஃப்ட் சுற்றுவதையும் சேர்த்துப் பார்த்தால்கூட, ஒற்றைச் சக்கரமும் டயரும் சுமக்கும் ஜடத்துவத்தில் பத்தில் ஒரு பங்கு தேறாது. 2014-இல் வந்த எம்3-இல் பி.எம்.டபிள்யூவே கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் போட்டது, 2017 கடைசியில் புகை வடிகட்டிக்கு இடம் வேண்டுமென்று ஸ்டீலுக்குத் திரும்பிவிட்டது. இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் யோசித்திருக்கலாம்.

இரண்டாவது ஞாயிறு மாட்டினேன். புது கூய்போ, புது போல்ட், எல்லாம் டார்க் ரெஞ்சில் (அளவு பார்த்து முறுக்கும் ஸ்பானர்). ஒன்று மட்டும் கவனம்: போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஃபிளேன்ஜ் (ஷாஃப்ட் முனையை இணைக்கும் இரும்புத் தட்டு) பக்க நட்டை மட்டும்தான் முறுக்க வேண்டும், மாற்றிச் செய்தால் ரப்பர் முறுக்கேறி அப்படியே உட்கார்ந்துவிடும். சாயங்காலம் திருமயம் ரோட்டில் எடுத்தால், 90 தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம். ஸ்டியரிங் ஆடவில்லை, நியூட்ரலில் உருட்டினாலும் சத்தம் நிற்கவில்லை. சக்கர பேலன்ஸ் என்றால் மெதுவாக உதறும். 100-இல் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2,600 சுற்றுப் பக்கம் ஓடும், அதனால் அதன் நடுக்கம் உதறலாக வராது, வண்டாக ரீங்கரிக்கும். கோட்டை கண்ணில் பட்டதுமே திரும்பிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு மெக்கானிக் அண்ணன் லேத் பட்டறையிலிருந்து டயல் கேஜ் வாங்கி வந்தார், சுற்றும்போது ஷாஃப்ட் எவ்வளவு கோணலாக ஆடுகிறது என்று முள்ளில் காட்டும் கருவி. பின்பக்கம் முள் 0.8 மில்லிமீட்டர் ஆடியது. கழற்றிப் பார்த்தால் டிஃப்பரன்ஷியல் ஃபிளேன்ஜ் விளிம்பில் மிளகளவு துருப் பொருக்கு, அதன்மேல்தான் அவ்வளவு விலை கொடுத்த ஷாஃப்ட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எமரி தாளில் தேய்த்து, அரைச் சுற்றுத் திருப்பி மாட்டியதும் 0.2. ரீங்காரம் போய்விட்டது.

இப்போது வண்டி எப்படி? கால் வைத்ததும் டொக் இல்லாமல் பிடிக்கிறது, கியர் வெண்ணெயாக விழுகிறது. அதில் முக்கால்வாசி புது ரப்பர் கொடுத்தது என்று நினைக்கிறேன், பழைய ஷாஃப்டுக்கே கூய்போவும் சென்டர் பேரிங்கும் மாற்றியிருந்தால் செலவு நாலில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. 0-100 நேரத்தில் ஸ்டாப் வாட்ச்சுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நடுவில் ரப்பர் இல்லாததால் டிஃப்பரன்ஷியல் முனகல் முன்பைவிடக் கொஞ்சம் உள்ளே கேட்கிறது, பாட்டு போட்டால் தெரியாது.

பழைய ஷாஃப்டை கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றிச் சாமான் அறையில் அண்டாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அப்பத்தா இன்னும் பார்க்கவில்லை.