உப்பு வயலில் ஆர்.என்.ஏ. எடுக்கப் போகிறவர்களுக்கு

திரவ நைட்ரஜன் வாங்க மூன்றாவது கொட்டேஷன் (விலைப்புள்ளி) இல்லை என்று அலுவலகம் கோப்பைத் திருப்பியதால் எங்கள் பயிரின் ஒரு பருவமே கைநழுவியது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ராமநாதபுரம் மாவட்டத் திருப்பாலைக்குடிப் பக்கம் புழுதியில் விதைத்த குழியடிச்சான் நெல், உப்பைத் தாங்கும் பாரம்பரிய ரகம். இளம்பயிரை உப்பு தாக்கும்போது வேரில் எந்தெந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. விழித்த மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை உண்டாக்கும், அதைத்தான் வேரிலிருந்து எடுக்கிறோம். கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் கிடைத்த, உப்பைத் தாங்க உதவும் ‘சால்டால்’ பகுதியை வைத்து எத்தனையோ ரகங்களை மேம்படுத்துகிறார்கள். நம் கரை நெல்லுக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்ற ஆசை எனக்கு.

திட்ட ஒப்புதல், மண் சோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வயல்காரர் மட்டும், “எங்க நெல்லை எடுத்துட்டுப் போயி வேற பேரு வச்சிர மாட்டீகளே தாயி?” என்றார். நியாயமான கேள்வி. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உழவர்கள் தங்கள் ரகத்தைக் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம் என்று சொல்லி, விண்ணப்பத்தையும் கையில் கொடுத்த பிறகே வயலில் இறங்கினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பிடுங்கிய வேரில் ஆர்.என்.ஏ. சிதையாமலிருக்க அதை உடனே திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். சிக்கல் அந்த நைட்ரஜனில் வந்தது. விலைப்புள்ளி கொடுக்க முன்வந்தவர் ஒரே விற்பனையாளர். அலுவலகமோ மூன்று பேரின் விலைப்புள்ளி வேண்டும் என்றது. எப்படியோ மூன்றும் சேர்த்துக் கொடுத்தால், “ஆவியாப் போற பொருளை ஸ்டாக் ரிஜிஸ்டர்ல எப்படி மேடம் ஏத்துறது?” என்று எழுத்தர் மறுபடி நிறுத்தினார். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மண்ணில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குக் கீழே போய்விட்டது. உப்பைத்தான் மழை கழுவிவிட்டதே, இனி வேரைப் பிடுங்கி என்ன பயன்? வரப்பில் நின்று அழுகையே வந்தது.

மார்கழியில் மழை ஓய்ந்து உப்பு மீண்டும் மேலேறியபோது பயிர் பூக்கும் தறுவாயில் இருந்தது. நெல் உப்புக்குத் துவளும் இன்னொரு கட்டம் அது. இந்த முறை அலுவலகத்தை நம்பவில்லை. மாட்டுக்குப் போடும் சினை ஊசியின் உறைவிந்துக் குச்சிகளும் அதே -196 டிகிரி நைட்ரஜனில்தான் இருக்கின்றன. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டோம். நிரப்பும் வண்டி வந்த நாளில், பணம் கட்டி எங்கள் கேனையும் நிரப்பிக்கொள்ள வழிசெய்தார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஒவ்வொரு செடியிலும் இரண்டு பங்கு எடுங்கள்: ஒன்று நைட்ரஜனில், இன்னொன்று ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கும் ‘ஆர்.என்.ஏ. லேட்டர்’ கரைசலில். எங்களைக் காப்பாற்றியது இதுதான். எல்லாச் செடியிலும் ஒரே நேரத்தில் எடுங்கள். காலையில் ஓடும் மரபணுக்கள் பல மாலையில் ஓடாது. சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், குளிரில் மை அழியும்.

ஆர்.என்.ஏ.வின் எழுத்துவரிசையைப் படித்துத் தரும் நிறுவனத்துக்கு, நைட்ரஜனில் உறைந்த பங்கை அனுப்ப வேண்டும். உலர்பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்ட பெட்டியை எடுத்துக்கொள்வதாகப் போனில் சொன்ன கூரியர், கவுண்டரில் மறுத்தது. ஒருவழியாக வேறொருவர் மூலம் அனுப்பினால், பொங்கல் விடுமுறையில் பெட்டி கிடங்கில் கிடந்தது. போய்ச் சேர்ந்தபோது உலர்பனிக்கட்டி சுத்தமாக ஆவியாகிப் போயிருந்தது, ஆர்.என்.ஏ. சிதைந்திருந்தது. கரைசலில் போட்டவற்றுக்கு அந்தக் கவலையில்லை. 4 டிகிரியில் ஒரு மாதம் தாங்கும். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று பத்துக்குக் கணக்கிடும் தர எண் 7-ஐத் தாண்டி வந்தது! அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொன்று: வரிசைப்படுத்தும் நிறுவனம் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுப்புமென்றால் பல்லுயிர்ச் சட்ட அனுமதி தனி வேலை.

மரபணுத் தரவைப் படிக்க ஆட்களைப் பழக்குகிறோம், நல்லது. ஆனால் மாதிரி கெடாமல் இருக்க இந்தக் கரையில் ஒரு -80 டிகிரி உறைபெட்டி வேண்டும். தொண்டிக்கும் மண்டபத்துக்கும் இடையே யாரிடமாவது இருந்து, ஒரு தட்டு இடம் தர முடிந்தால் சொல்லுங்கள். ஆவணியில் மறுபடி விதைக்கிறோம்.