மேடு எந்த அசையில்?

மார்ச் 3
மறுபடி பேர்ன் நகரத்து சுவிஸ் ஜெர்மன் ஒலிப்பதிவு. அழுத்தம் விழும் அசையில் சுருதி தரையோடு கிடக்கிறது. மேடு, அதாவது சுருதியின் உச்சம், அடுத்த அசையில்தான். 'மெலோனெ' (முலாம்பழம்) என்றால் 'லோ'வில் பள்ளம், 'னெ'யில் மேடு. வட ஜெர்மன்காரர் வாயில் 'லோ'விலேயே ஏறியிருக்கும்.

மார்ச் 4
அந்த மேடு யாருடையது? 'லோ'வுக்கா, 'னெ'க்கா?

மார்ச் 6
சோதனைச் சொல்லாக 'லிமோனாடெ'யை (எலுமிச்சைப் பானம்) தேர்ந்ததே தப்பு. சுவிஸ் ஜெர்மனில் அந்த மெலிந்த 'ட'வுக்கும் குரல்நாண் அதிராது. அதிர்வு நின்றால் சுருதிக்கோடும் அறும். ஏற்றத்தைப் பார்க்க வேண்டிய இடத்திலேயே ஓட்டை. அழுத்தமான 'த்', 'ப்' வந்தால் இன்னும் மோசம்: அடுத்த உயிரொலி சற்று உயர்ந்தே தொடங்கும், அதை மேடு என்று குறித்துவிடுவோம். அதிர்வு நிற்காத ல, ம, ன மட்டும் போதும்.

மார்ச் 7
மெலோனெ. மெலோனெ. மெலோனெ.

மார்ச் 9
பேச்சொலியை அளக்கும் பிராட் மென்பொருளில் சுருதித் தேடலின் கீழ் எல்லையை 75 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைத்த வினை. வாக்கிய முடிவில் பெண்குரல் கரகரத்ததும் கோடு 190லிருந்து 95க்குக் குதித்தது. முழுசாக ஒரு ஸ்தாயி! காதில் அப்படி எதுவும் விழவில்லை. எல்லையை 120 ஆக்கினேன். கரகரப்பு இருந்த இடம் பாதி வெறுமையானது. பொய்க்கோட்டுக்கு வெறுமை மேல். இன்னொரு லாபம்: பிராட் ஒரு தடவைக்கு அந்தக் கீழ் எல்லையின் மூன்று அதிர்வு நீளத்தைப் பார்க்கும். 75க்கு அது 40 மில்லிசெகண்ட், 120க்கு 25. குட்டி அசைக்கு 25 தேவலை.

மார்ச் 10
ஹெர்ட்ஸில் ஒப்பிடக் கூடாது. பெண் 180லிருந்து 240, ஆண் 90லிருந்து 120. கழித்தால் 60, 30. காதுக்கு இரண்டும் ஒரே ஏற்றம், சுமார் 5 செமிடோன் (அரைச்சுரம்).

மார்ச் 12
பேர்ன்காரர் சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்துக்காரரைவிட மெதுவாகப் பேசுவது அளந்தே காட்டப்பட்ட விஷயம். அப்படியென்றால் மேட்டின் தாமதம் வெறும் மந்தம்தானோ? காலையிலிருந்து இதே குடைச்சல். மில்லிசெகண்டை விட்டு விகிதத்துக்கு மாறினேன். அசை 200 மில்லிசெகண்ட், மேடு அசைத் தொடக்கத்திலிருந்து 260இல் என்றால் 130 சதவீதம். நூறைத் தாண்டினால் அடுத்த அசை. வேகத்தைக் குறைத்தால் அசையும் சேர்ந்து நீளும், நூறு நூறாகவே நிற்கும். மந்தம் இல்லை. அப்பாடா.

மார்ச் 13
'மோர்ன்'. நாளை என்று அர்த்தம். வாக்கியம் அதோடு முடிகிறது. அடுத்த அசையே கிடையாது! பள்ளம், மேடு, இறக்கம் மூன்றும் ஒரே அசைக்குள். மேட்டை 'ர்'இல் குறித்தேன், அழித்தேன். 'ன்'இல் குறித்தேன்.

மார்ச் 14
அழித்தேன்.