முள்ள தொரத்தாத மக்கா

நம்ம குமரி மாவட்டத்துல ஏர்போர்ட் கிடையாது, அதனால வீட்டு விமான சிமுலேட்டர்ல ஐஎல்எஸ், அதாவது வெளிய ஒண்ணும் தெரியாட்டாலும் ரேடியோ சிக்னல வச்சு ரன்வேக்கு இறங்கி வர்ற முறை, படிக்கணும்னா எனக்கு திருவனந்தபுரம் ரன்வே 32 தான். நாகர்கோவில்ல உக்காந்து படிக்கிற ஆளுக்கு இதவிட தோதான ரன்வே கிடையாதுன்னு அடிச்சு சொல்லுவேன், குளச்சல் கடல் மேல நின்னு வடமேற்கா மூக்க திருப்புனாலே கிட்டத்தட்ட அந்த ரன்வேயோட நேர்கோட்டுல தான் நிப்போம். செஸ்னா 172ங்கற குட்டி விமானம், வேகம் 90 நாட் (மணிக்கு 90 நாட்டிக்கல் மைல்), உயரம் 2000 அடி. விழிஞ்சம் தாண்டுன கொஞ்சத்துலயே கிளைட் ஸ்லோப் முள்ளு, அதான் இறங்க வேண்டிய சரிவு நமக்கு மேலயா கீழயான்னு காட்டுற முள்ளு, மேலேர்ந்து இறங்கி நடுவுக்கு வந்துரும், எப்பவும் ஸ்லோப்புக்கு கீழ இருந்தே அத பிடிக்கணும் கேட்டியளா, மேல போலி ஸ்லோப் எல்லாம் உண்டு.

அக்கா பையன் லீவுக்கு வந்தப்போ ஜாய்ஸ்டிக்க கைல குடுத்தேன். ரன்வே நேர்கோட்ட காட்டுற இன்னொரு முள்ளு கொஞ்சம் வலது போனா இவன் மொத்தமா வலது சாய்ப்பான், உடனே அது இடது ஓடும், இவனும் பின்னாடியே ஓடுவான். "லேய் மக்கா, முள்ள தொரத்தாத, ஹெடிங்க பிடி"ன்னேன், மூக்கு பாக்குற திசைய தான் ஹெடிங்ன்னு சொல்றது. "முதல்ல சரியா தானே மாமா இருந்துது, கிட்ட வர வர ஏன் இப்படி துள்ளுது?"ன்னு கேட்டான் பாருங்க, விஷயமே அதாக்கும்!

அந்த முள்ளு காட்டுறது தூரத்த இல்ல, கோணத்த. தரையிலேர்ந்து ரெண்டு பீம் வருது, ஒண்ணுல 90 ஹெர்ட்ஸ், இன்னொண்ணுல 150 ஹெர்ட்ஸ், எது எவ்வளவு பலமா விழுதுன்னு பாத்து தான் ரிசீவர் முள்ள ஆட்டுது. ஸ்லோப் முள்ளு ஓரத்துக்கு போயிட்டுன்னா நாம 0.7 டிகிரி விலகிட்டோம்னு அர்த்தம், 10 நாட்டிக்கல் மைல்ல அது ஏறக்குறைய 740 அடி, 1 மைல்ல வெறும் 74 அடி. அப்போ கிட்ட போக போக கையோட வேல சின்னதாகணும். வெளிய ரெண்டு டிகிரி திருத்தினா உள்ள ஒரு டிகிரி, அவ்வளவு தான், திருத்திட்டு ஒரு மூச்சு விட்டு பாக்கணும்.

எறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு, தரை வேகத்த 5 ஆல பெருக்கு, 90 நாட்டுக்கு நிமிஷத்துக்கு 450 அடி. இத முதல்லயே பிடிச்சிட்டா முள்ளு தானா நிக்கும். இந்த கை வர்ற வரைக்கும் ஆட்டோபைலட்ட தொடவே கூடாதுங்கறது என் கட்சி.

அப்புறம் காத்து. ஆரல்வாய்மொழி காத்து தெரிஞ்ச நமக்கு சொல்லணுமா? மேற்கு காத்து செட் பண்ணி பாருங்க, முள்ளு நடுவுல நிக்கும், மூக்கு மட்டும் இடது பாத்துட்டு இருக்கும், மேகத்த விட்டு வெளிய வந்தா ரன்வே நேரா தெரியாது, கண்ணாடில வலது பக்கமா தெரியும். பதறி மூக்க திருப்பிட கூடாது.

கேட்டகிரி 1ல, அதாவது ஐஎல்எஸ்ல சாதாரண வகையில, ரன்வே தெரியாம இறங்குறதுக்கு 200 அடி தான் கடைசி, வள்ளுவர் சிலைய ஒன்றரையா அடுக்குன உயரம். அங்க வந்தும் ரன்வே லைட்டு தெரியலன்னா ஃபுல் பவர், மூக்க தூக்கு, கோ அரவுண்ட், அதாவது இறங்காம திரும்ப மேல ஏறிடணும். பையன் நேத்து அத சரியா செஞ்சான், நான் ஒண்ணும் சொல்லல, அவனே த்ராட்டில தள்ளிட்டான்.