வெட்ட வெட்டப் பகாத எண்

எங்கள் ஊர் பகாவ். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கிறது. முன்பு சுற்றிலும் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. பள்ளியில் பகா எண் பாடம் நடந்தபோது 'நம்மூர் எண்' என்று சொல்லிச் சிரிப்போம். ஊர்ப் பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அந்த எண்கள் மீது எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் ஆள் குறைந்தால் பில் புத்தகத்தின் பின்பக்கம் என் விளையாட்டுக்குத்தான்.

இந்த வாரம் மாட்டியது 73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாது. அதில் அதிசயமில்லை; பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். ஆனால் இதன் வலக்கோடி இலக்கத்தைச் சீவி எறியுங்கள். 7393913. அதுவும் பகா எண். இன்னும் சீவினால் 739391, 73939, 7393, 739, 73, கடைசியில் 7. எங்கேயும் பிளக்கவில்லை.

சொன்னதும் நம்புகிற ஆள் நான் இல்லை. 73939-ஐக் கையாலேயே சோதித்தேன். அதன் வர்க்கமூலம் 272-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 271 வரை உள்ள 58 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டு மாலைகள் போயின. கடைசியாக 271; 272 தடவை போய் 227 மீதி நின்றது. பேனாவை மூடிவிட்டு ஒரு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், வாங்கிக் குடித்தேன்.

வலப்பக்கம் இன்னோர் இலக்கம் சேர்த்து நீட்ட முடியாதா? இரட்டைப்படையும் 5-உம் ஆகாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 38. 1 சேர்ந்தால் 39, 7 சேர்ந்தால் 45, இரண்டும் 3-ஆல் வகுபடும். மிச்சம் 3, 9. அவற்றைச் சேர்த்தாலும் எண் பிளந்துவிடுகிறது. வலப்பக்கம் சீவச் சீவப் பகா எண்ணாகவே நிற்கும் இந்த வகை எண்கள் மொத்தமே 83. ஓரிலக்கத்தில் 4, நான்கு இலக்கத்தில் 16, எட்டு இலக்கத்தில் 5, அதோடு சரி. எல்லாவற்றிலும் பெரியது இதுதான்.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, 7393-ஐ மட்டும் குறித்துக்கொண்டு நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போனார். விழவில்லை.

இரவு அம்மாவிடம் சொன்னேன். வயது போன பிறகும் பால் வெட்டிய கை அவருக்கு. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவார், கத்தி மரத்தில் படாது. பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கமிருந்து வெட்டுகிறாய்?" என்றார்.

"வலப்பக்கம், அம்மா."

"தப்பு. இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் பால் வடிகிற மங்கு நிறையும்."

சரியென்று இடப்பக்கத்து 7-ஐச் சீவினேன். 3939133. ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கமாகக் கூட்டிக் கழித்தால் 11 வருகிறது. அப்படியானால் எண்ணும் 11-ஆல் வகுபடும்; ஈவு 358103. முதல் வெட்டிலேயே காயம்.

"இதற்குத்தான் புது ஆளுக்கு நல்ல மரம் கொடுக்கக் கூடாது என்பது" என்று சொல்லிவிட்டு அம்மா படுக்கப் போய்விட்டார்.